வாட்ச் கட்டியதிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஹாலில் நடக்கிறேன், எனக்கு மட்டும்தானா?

கணக்குப்பிள்ளை_கோவை:

எல்லாருக்கும் வணக்கம். வயது 47. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. போன ஆடியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. "இன்னும் சுகர் இல்லை, ஆனா வாசல்ல வந்து நிக்குது, நடங்க" என்றார் டாக்டர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் காதில் இது விழுந்து, அடுத்த வாரமே ஒரு ஸ்மார்ட் வாட்ச் கூரியரில் வந்து இறங்கியது.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று என் காலுக்கு 3,400 அடி சொச்சம். இரண்டு சுற்று நடந்துவிட்டு ஆபீஸில் கொஞ்சம் அங்கே இங்கே போனால் வாட்ச் கேட்கும் பத்தாயிரம் கிட்டத்தட்ட வந்துவிடும். மூன்றரை கிலோ குறைந்தேன், பேண்ட் லூசாகிவிட்டது, சந்தோஷம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக மாறியது. ராத்திரி பத்தே முக்காலுக்குப் படுக்கப் போகும்போது வாட்சைப் பார்க்கிறேன், 9,180 என்று காட்டுகிறது. விட்டுவிட்டுப் படுக்கலாம் அல்லவா, முடியவில்லை. டிவி ஸ்டாண்டிலிருந்து பால்கனிக் கதவு வரை பதினோரு அடி, போய்த் திரும்பினால் இருபத்திரண்டு, அப்படியே போய்ப் போய் வருகிறேன். ப்ளஸ் டூ படிக்கிற மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், மச்சினர் ஒருவர் பின்னாலேயே வந்து "யாரையாவது தேடறீங்களா மாப்ள?" என்று கேட்டார். ஆபீஸில் ஒவ்வொரு மணியும் ஐம்பதாவது நிமிடத்தில் கையில் அதிரும், எழுந்து நில் என்று. ஆடிட்டரோடு உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தடவை எழுந்து நின்றிருக்கிறேன், அவர் ஏதோ கோபத்தில் கிளம்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

தூக்கத்துக்கு மார்க் போடுவது இன்னொரு கூத்து. காலையில் எழுந்ததும் உடம்பு நன்றாகத்தான் இருக்கும். போனைத் திறந்தால் "உங்கள் தூக்கம் 61" என்று வரும். அவ்வளவுதான், மத்தியானம் வரை கண் எரிகிற மாதிரியே இருக்கும்.

ஆனால் இதை எழுத வைத்தது வேறு ஒன்று. போன மாதம் பெரியப்பா தவறிவிட்டார். அவசரத்தில் கிளம்பியதால் வாட்ச் சார்ஜரிலேயே கிடந்தது. வீட்டிலிருந்து மயானம் வரை மூன்று கிலோமீட்டர் பக்கம் இருக்கும், எல்லாரோடும் நடந்து போகிறேன், பாதி வழியில் மனசுக்குள் ஒரு எண்ணம் ஓடியது: "அடடா, இந்த நடை கணக்கில் வராமல் போச்சே." என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷன் முன்னால் போகிறார், எனக்கு இந்தக் கணக்கு. ரொம்பக் கேவலமாக இருந்தது.

கழற்றிப் போட்டுவிடலாமா? போட்டால் பழையபடி உட்கார்ந்துவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது. உங்களில் யாருக்காவது போனோ வாட்சோ இப்படி நாளையே எடுத்துக்கொண்டதா, என்ன செய்தீர்கள், சொல்லுங்க.

சென்சார்_தம்பி:

அண்ணா, நான் சென்னையில் இந்த மாதிரிச் சின்னக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். முதலில் அந்தப் பத்தாயிரம். அது டாக்டர் யாரும் கண்டுபிடித்த அளவு இல்லை. 1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது, ஜப்பானில் உடற்பயிற்சி மோகம் பரவியிருந்த நேரம், 1965-ல் ஒரு ஜப்பானிய கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் மன்போ-கெய். மன் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் அளக்கும் கருவி. பத்தாயிரத்துக்கான ஜப்பானிய எழுத்தைப் பார்த்தால் ஒரு ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும், விளம்பரத்துக்குப் பொருத்தமாகப் போய்விட்டது. அதைத்தான் நீங்கள் டிவி ஸ்டாண்டுக்கும் பால்கனிக்கும் நடுவே துரத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட வயதான பெண்களின் நடையை அளந்து வெளியிட்டார்கள், சராசரி வயது 72. தினம் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடி நடந்தவர்களில் அந்த ஆய்வுக் காலத்தில் இறப்பு 41 சதவீதம் குறைவு. ஏழாயிரத்து ஐந்நூறு பக்கம் வந்ததும் அதற்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் வயது வேறு, நடந்ததால்தான் அந்த வித்தியாசமா என்பதை இப்படிப்பட்ட ஆய்வு தனியாக நிரூபிக்காது, அதெல்லாம் சரி. ஆனாலும் 9,180-க்கும் 10,000-க்கும் நடுவே வானம் ஒன்றும் இடியாது என்பது தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்றுதான், அடிக் கணக்கே அதில் கிடையாது. உங்களுக்கு சர்க்கரைதான் கவலை என்றால் ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது பதினொரு மணி நடையைவிட உபயோகம், சாப்பிட்டதும் ஏறுகிற சர்க்கரையை அது கொஞ்சம் தணிக்கும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ச் அடியை எப்படி எண்ணுகிறது என்றால், உள்ளே அசைவை உணரும் ஒரு சில்லு இருக்கிறது, கை வீச்சு ஒரு தாளத்தில் வருகிறதா என்று பார்க்கிறது. காலைப் பற்றி அதற்கு நேரடியாக ஒன்றும் தெரியாது. அதனால் குண்டும் குழியுமான ரோட்டில் பஸ்ஸில் போனாலும் சில நேரம் அடி ஏறும், தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏறாது. பின்பக்கம் பச்சை வெளிச்சம் வருகிறதே, அது நாடித்துடிப்புக்கு. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும், எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துத் துடிப்பை எண்ணும், இது ஓரளவு நம்பலாம்.

தூக்க மார்க் நம்ப முடியாதது. ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டுமானால் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலையையும் கண் அசைவையும் பார்ப்பார்கள். வாட்ச் அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது, நீங்கள் விழித்துக்கொண்டே ஆடாமல் படுத்திருந்தால் தூங்குகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளும். இந்த மார்க்கைப் பார்த்துப் பார்த்தே தூக்கம் கெட்டவர்கள் அமெரிக்காவில் சிகிச்சைக்கு வர ஆரம்பித்து, 2017-ல் அங்கே தூக்க ஆய்வாளர்கள் இதற்கு ஆர்த்தோசோம்னியா என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். நீங்கள் தனி ஆள் இல்லை அண்ணா.

செட்டிங்கில் போய் இலக்கை 7,000 ஆக்குங்கள், மணிக்கொரு தடவை அதிர்வதை நிறுத்துங்கள், தூக்கப் பதிவை அணைத்துவிடுங்கள். முக்கியமாக "தொடர்ந்து இத்தனை நாள்" என்று ஒரு எண் வருமே, அதை முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அது உங்கள் உடம்புக்காக வைத்தது இல்லை, நீங்கள் நாளைக்கும் ஆப்பைத் திறக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. உள்ளே இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

நாலுமணிக்காப்பி:

தம்பி சொன்ன கை வீச்சு விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், எத்தனை நாள் புதிர் இது. நான் தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளியில் டீச்சர். பெண் முதல் சம்பளத்தில் வாட்ச் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் தண்ணீர் காலையில் ஐந்திலிருந்து ஆறு வரைதான் வரும், பத்துக் குடமாவது தூக்க வேண்டும். இடது கையால் குடத்தை இடுப்போடு அணைத்துப் பிடிப்போம், வாட்சும் இடது கையில்தான். அந்தக் கை ஆடவே ஆடாது. பத்து நடை போய் வந்தாலும் வாட்ச் பேசாமல் இருக்கும். அப்புறம் நின்ற இடத்தில் சப்பாத்தி தேய்க்கும்போது அடி ஏறும்! நான் இது ஏதோ டூப்ளிகேட் வாட்ச் என்று பெண்ணிடமே சண்டை போட்டேன்.

குடம் போக மீதியே சமையலறை, மொட்டை மாடி, வாசல் என்று எட்டு மணிக்குள் நாலாயிரத்து ஐந்நூறு ஓடிவிடும். எங்கள் வீட்டுக்காரர் ஷூ போட்டுக்கொண்டு ரவுண்டானா வரை போய் டீ குடித்துவிட்டு 3,800-ஓடு வருவார், "இன்னிக்கு நல்ல வாக்கிங்" என்பார். அவர் போனில் பட்டாசு வெடிக்கிற மாதிரிப் படம் எல்லாம் வரும்.

உங்களை ஒன்று கேட்கிறேன் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக் கருவி எடுத்துக்கொண்டது என்கிறீர்கள். அதற்கு முன்னால் அந்த நாள் உங்களிடம் இருந்ததா? என் நாள் என்னிடம் இருந்ததே இல்லை, பால்காரர், தண்ணீர், பள்ளி மணி, மாமியார் மாத்திரை, எல்லாம் சேர்ந்து பிரித்து எடுத்துக்கொண்டதுதான். இப்போது அதோடு வாட்ஸ்அப் குரூப் ஐந்து. பள்ளிக்கு இரண்டு, வகுப்புப் பெற்றோருக்கு ஒன்று, அபார்ட்மெண்ட், சொந்தக்காரர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு அம்மா "நாளைக்கு என்ன கலர் டிரெஸ் மிஸ்" என்று கேட்பார், இரண்டு நீல டிக் விழுந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த நீல டிக்கை அணைத்த நாள்தான் எனக்குத் தீபாவளி. தனி ஆட்களிடம்தான் அது வேலை செய்யும், குரூப்பில் யார் படித்தார்கள் என்பது தெரியத்தான் செய்யும், ஆனாலும் பாதி நிம்மதி.

வாட்சில் எனக்குப் பிடித்தது டைமர் ஒன்றுதான். குக்கர் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடலாம், விசில் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ரெண்டு_சக்கரம்:

சார் நீங்க வாட்சைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள், யோசிக்கிற வசதி இருக்கிறது. நான் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எனக்குப் போன்தான் முதலாளி, மேஸ்திரி, சம்பளச் சீட்டு எல்லாம். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைக்கும் ராத்திரி ஏழிலிருந்து பதினொன்று வரைக்கும் கண்டிப்பாக லாகினில் இருக்கணும், ஆர்டர் வருவது அப்போதுதான். அதனால் சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடுவதில்லை, அது மற்றவர்கள் சாப்பிடுகிற நேரம். என் மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு. வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையும் நாலு மணிக்குத்தான் பசிக்கிறது, வயிறே பழகிவிட்டது.

உங்கள் 9,180 கதையைப் படித்ததும் எனக்குச் சொந்தக் கதை மாதிரி இருந்தது. இத்தனை ஆர்டர் முடித்தால் கூடுதல் பணம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ராத்திரி பத்தரைக்கு "இன்னும் 2 ஆர்டர்தான்" என்று திரையில் வரும். பெட்ரோல் காட்டி சிவப்பில் இருக்கும், மழை தூறும், ஆனாலும் வீட்டுப் பக்கம் வண்டி திரும்பாது. நீங்கள் ஹாலில் நடக்கிறீர்கள், நான் அவிநாசி ரோட்டில் நிற்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

மே மாதம் வெயிலில் ஹேண்டில்பாரில் மாட்டின போன் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். கையில் ஆர்டர் இருக்கும், அட்ரஸ் தெரியாது. ஏதாவது ஒரு பேக்கரி நிழலில் நின்று தண்ணீர் பாட்டிலை அதன் மேல் வைத்து ஆற வைப்பேன். சொல்லப்போனால் அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு ஓய்வு.

சிரிப்புக்கு ஒன்று, என் போனில் அடிக் கணக்கு தினம் பதினாலாயிரம் காட்டுகிறது. நான் நடப்பதே இல்லை. லிஃப்ட் இல்லாத அபார்ட்மெண்ட் மாடிப்படியும் நம்ம ஊர் ரோடும் சேர்ந்து செய்த வேலை.

பழைய_ரேடியோ:

எனக்கு வயது 72, சிங்காநல்லூர்ப் பக்கம். உங்கள் தலைமுறை என்னவோ முதல் முறையாக மாட்டிக்கொண்டதுபோல எழுதுகிறீர்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயமுத்தூரே மில் சங்குக்குத்தான் எழுந்தது. அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு. சங்கு ஊதினால் அம்மா அடுப்பு மூட்டுவாள், அடுத்த சங்குக்குள் தூக்குப்போசி தயாராக இருக்கணும். மில்லுக்குப் போகாதவர்கள்கூட அந்தச் சத்தத்தை வைத்துத்தான் கடை திறந்தார்கள். அப்புறம் ரேடியோ. காலை 7.15-க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி, செய்தி வாசிக்கிற சரோஜ் நாராயணஸ்வாமி குரல் வருவதற்குள் நான் ஷேவ் செய்து முடித்திருக்கணும், முடிக்கவில்லை என்றால் பஸ் போச்சு என்று அர்த்தம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். சங்கு ஊருக்கே பொதுவாக ஊதும். பிடிக்கவில்லை என்றால் எல்லாரும் சேர்ந்து திட்டலாம், அதற்குச் சங்கம் இருந்தது, வாசலில் கூட்டம் போட்டார்கள், வேலை நேரத்துக்காகச் சண்டையே போட்டார்கள். உங்கள் வாட்ச் உங்கள் மணிக்கட்டில் மட்டும் அதிர்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆடிட்டருக்கே தெரியவில்லை. அப்புறம், ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதி வீட்டுக்கு அனுப்பவும் செய்யும். "போதும் போ" என்று சொல்கிற சங்கு அந்த டெலிவரித் தம்பியின் போனில் இல்லை போலிருக்கிறது.

என் கதையும் கேளுங்கள். பேரன் நியூஜெர்சியில். அவனுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் வரணும், அதற்கு மேல் தூங்கிவிடுவான். இங்கே விடிகாலை ஐந்தரை. நவம்பரில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்புவார்கள், உடனே எனக்கு ஆறரை ஆகிவிடும், மார்ச்சில் திரும்பவும் ஐந்தரை. அமெரிக்காக்காரன் கடிகாரத்தைத் திருகினால் சிங்காநல்லூரில் என் காபி ஒரு மணி நேரம் நகர்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆனால் அந்தக் கருவியை யாராவது பிடுங்க வந்தால் கையைக் கடிப்பேன்.

சும்மா_வந்தேன்:

கழற்றிக் கடாசுங்க சார். இதுக்கு ஒரு த்ரெட்டு, அதுல ஜப்பான் வரலாறு வேற.

சென்சார்_தம்பி:

மேலே வந்த சகோ, அவருக்கு 6.1 இருக்கிறது, மூன்றரை கிலோ குறைத்திருக்கிறார், அதையும் சேர்த்துக் கடாசச் சொல்கிறீர்களா?

ரெண்டு சக்கரம் அண்ணா, நான் அந்தச் செட்டிங், இந்தச் செட்டிங் என்று வரிசையாக எழுதியது உங்களுக்கு ஒன்றுக்கும் ஆகாது என்பது உங்கள் பதிலைப் படித்தபோதுதான் உறைத்தது. "இன்னும் 2" என்று காட்டுகிற திரையை எப்படி வடிவமைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை_கோவை:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

இலக்கு 7,000. மணிக்கொரு அதிர்வு போச்சு, தூக்க மார்க் போச்சு. ராத்திரி சாப்பிட்டதும் வீட்டம்மாவோடு தெருமுனை வரை போய் வருகிறோம், பதினைந்து நிமிடம்தான், பேச்சில் அது இருபத்தைந்து ஆகிவிடுகிறது. போனை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு, டவுன்ஹால் பக்கம் 250 ரூபாய்க்கு ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கினேன். அது டிக் டிக் என்று அடிக்கிற அடியில் முதல் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை, அதுவும் ஒரு கருவிதானே.

தொடர்ந்த நாள் கணக்கு 143-ல் நின்றது. எடுத்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டதால் இரண்டு தடவை உள்ளே போய்ப் பார்த்தேன்.

பழைய ரேடியோ ஐயா, எங்கள் தாத்தாவும் மில்தான், சங்கு ஊதி வீட்டுக்கு அனுப்பும் என்று நீங்கள் எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அரை மணி நேரம் அந்தக் கதையே பேசினார்.

டீச்சரம்மா எழுதியதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வாட்சை வீட்டம்மா கையில் கட்டிவிட்டேன். "எனக்கு எதுக்கு" என்றவர் சரி என்று கட்டிக்கொண்டார். நான் காலையில் ஒரு சுற்று ரேஸ்கோர்ஸ் போய்விட்டு வந்து பேப்பர் படித்தேன், மத்தியானம் தூங்கினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தால் 8,760. வாசல் கேட்டைத் தாண்டவே இல்லை. அதில் மாவரைக்க உட்கார்ந்தது, துணிக்கூடையை இரண்டு கையாலும் பிடித்து மாடியேறியது எல்லாம் வந்திருக்காது. நான் ஆச்சரியமாக எண்ணைக் காட்டினேன். அவர் வாட்சைக் கழற்றி என்னிடமே கொடுத்துவிட்டு, "இது சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணுமா?" என்று கேட்டார்.

நாலுமணிக்காப்பி:

அன்றைக்கு ராத்திரிப் பாத்திரம் யார் தேய்த்தது சார்?

கணக்குப்பிள்ளை_கோவை:

நான்தான். 640 அடி ஏறியது, நின்ற இடத்திலேயே.